விலை கூடினால் இசை இனிக்குமா?

இசைத்தட்டும் ஒலிநாடாவும் பெரும்பாலும் வழக்கொழிந்து, இணையத்தின் வழியே இசை வீட்டுக்குள் வந்து சேரும் காலம் இது. அந்த இசை வரும் பாதையைச் செம்மைப்படுத்துவதற்கென்றே தனி வணிகம் ஒன்று வளர்ந்திருக்கிறது. வீட்டுக் கணினிகளை இணைக்கும் சாதாரண 'நெட்வொர்க் சுவிட்ச்' ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 'இசை ரசிகர்களுக்கானது' என்ற அடைமொழியுடன் விற்கப்படும் அதே வகைக் கருவியின் விலை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒலி தெளிவடையும், இசைக் கருவிகள் தனித்தனியே கேட்கும் என்கின்றன விளம்பரங்கள். இது உண்மையா?

குறுந்தகட்டுத் தரத்தில், ஒரு நொடி இசை என்பது ஒவ்வொரு செவிக்கும் 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 16 பிட். இரு செவிகளுக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். இன்றைய சாதாரண சுவிட்ச் நொடிக்கு 100 கோடி பிட் வரை கடத்த வல்லது.

இந்த எண்கள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பயணிக்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்துடனும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பொட்டலம் ஒதுக்கப்பட்டு, மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. ஆகவே, அனுப்பப்பட்ட பாடலும் வந்து சேரும் பாடலும் ஒன்றே. நமது வங்கிக் கணக்கின் இருப்பும் இவ்வாறுதான் கைப்பேசிக்கு வருகிறது. விலை உயர்ந்த சுவிட்ச் வாங்கினால் இருப்பு கூடுவதில்லை.

'எண்கள் சரி, அவை வரும் நேரம் சீராக இல்லையே' என்பது விற்பனையாளர்களின் அடுத்த வாதம். பொட்டலங்கள் முன்பின்னாக வருவது உண்மைதான். ஆனால், அவை வந்தவுடன் ஒலிப்பதில்லை; இசைக் கருவியின் நினைவகத்தில் முதலில் சேமிக்கப்படுகின்றன. அங்கிருந்து அவற்றை எடுத்து ஒலியாக மாற்றும் வேகத்தைத் தீர்மானிப்பது அக்கருவிக்குள் இருக்கும் கடிகாரம். பாடல் ஒலிக்கும்போதே இணையக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் பாடல் சிறிது நேரம் தொடரும். சுவிட்சே இல்லாத அந்த நொடிகளில் ஒலியின் தரம் மாறுவதில்லை.

கம்பி வழியே மின் இரைச்சல் நுழையும் என்ற அச்சமும் ஊட்டப்படுகிறது. ஈதர்நெட் இணைப்பு முனைகளில் உள்ள சிறு மின்மாற்றிகள், கருவிகளுக்கிடையே நேரடி மின்தொடர்பு ஏற்படாமல் தடுக்கின்றன. அப்படியும் ஐயம் தீராதவர்களுக்கு வைஃபை போதும். அங்கே கம்பியே இல்லை.

அப்படியானால், மாற்றம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் ஆர்வத்தைத் தூண்டுவது இந்த இடம்தான். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதுவுக்கு வெவ்வேறு விலை சொல்லித் தரப்பட்டது. அதிக விலை சொல்லப்பட்டபோது அது சுவையாக இருப்பதாகவே பங்கேற்றோர் கூறினர். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலையே சுவையாகிவிடுகிறது.

வாங்கிப் பயன்படுத்திய பின்னரும் தரத்தை அறிய முடியாத பண்டங்களை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று 1973-இல் டார்பி, கார்னி என்னும் பொருளியலாளர்கள் வகைப்படுத்தினர். அத்தகைய சந்தையில் விற்பவரின் சொல்லே தரச்சான்று. நுகர்வோரின் சேமிப்பு கரைவது மட்டுமல்ல, உண்மையிலேயே நல்ல கருவி செய்பவரும் அங்கே பின்தள்ளப்படுகிறார்.

இதற்கு மருந்து எளிது: எந்தக் கருவி இயங்குகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்ப்பது. ஒலியின் நுண்ணிய வேறுபாடுகளைச் சோதிக்க சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பதும் இத்தகைய மறைமுறைச் சோதனையையே. வீட்டிலுள்ள ஒருவர் சொல்லாமல் கருவியை மாற்றி மாற்றி இணைக்கட்டும். இருபது முறை கேட்டு விடைகளை எழுதிவைத்து, பிறகு ஒப்பிடுங்கள். பாதியளவே சரியாக இருந்தால், நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே விடை கிடைத்திருக்கும்.

பாடல் அடிக்கடி அறுபட்டால் ரௌட்டரைச் சீர்செய்வது நியாயமான செலவு. ஒலியின் தரம் கூட வேண்டுமென்றால், ஒலிபெருக்கிப் பெட்டி, அது வைக்கப்படும் இடம், எதிரொலியைக் குறைக்கும் தடித்த திரைச்சீலை ஆகியவற்றில் பணத்தைச் செலவிடலாம். அவற்றின் பயனை அளந்தும் அறியலாம், கேட்டும் அறியலாம்.

தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழிசெய்கிறது. 'ஒலி மேம்படும்' என்று விற்பவரிடம் சோதனைச் சான்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. காதை நம்புவோம், அதற்கு முன் விலைச்சீட்டை மறைத்துவிடுவோம்.