‘ஒண்ணுதானே’ என்னும் கணக்கு

பள்ளி விட்டதும் பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கும் பத்தாம் வகுப்புப் பையனிடம், சிகரெட் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ‘கேன்சர் வரும்’ என்று தயங்காமல் சொல்வான். கதாநாயகன் தம் அடிக்கும்போதெல்லாம் திரையின் அடியில் வரும் எச்சரிக்கையைப் படித்து வளர்ந்தவன் அவன். ஆபத்து தெரியாமல் பிள்ளைகள் புகைப்பதாக நாம் நினைக்கிறோம். அவர்களுக்குப் பிடிபடாதது வேறொன்று: நினைத்த நாளில் விட்டுவிட முடியாது என்பது.

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காலமெல்லாம் புகைத்தால் உடம்பு கெடும் என்பதைப் பதின்வயதினர் ஒப்புக்கொண்டார்கள். முதல் சில ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் புகைக்கும் பிள்ளைகளில் பலர் நம்பினார்கள். நோய் அப்பா வயதில்தானே வரும், அதற்குள் விட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

நிக்கோட்டின் அதுவரை காத்திருப்பதில்லை. இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை அது எளிதில் பிடித்துக்கொள்கிறது. தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே சில பிள்ளைகளிடம் அடிமைப்பட்டதன் அறிகுறிகள் தெரிவதை அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிஃபிரான்சாவின் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

2019-இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதத்தினர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். பத்து வயது! நான்காம் வகுப்புக் குழந்தையின் கையில் அதைக் கொடுத்தது யார்?

18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் 2016 முதல் கட்டாயம். ஆனால் மாணவன் பெட்டியா வாங்குகிறான்? கடைக்காரர் உருவித் தரும் ஒற்றை சிகரெட்டில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. கைச்செலவுக் காசுக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது. ‘ஒண்ணுதானே’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. மகாராஷ்டிரம் 2020-இல் இந்த ஒற்றை சிகரெட் விற்பனைக்குத் தடை விதித்தது. நாடு முழுவதும் அந்தத் தடை வர வேண்டும்.

புகையை விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண்ணும் அந்தப் பெட்டியின் மேல்தான் அச்சாகிறது. ஒற்றையாக வாங்கும் பிள்ளையின் கண்ணில் அது படுவதேயில்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் அதை எழுதி வைக்கலாம்: 1800-11-2356.