அரை டிகிரி வித்தியாசம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெயில் விலகுவது தோலிலேயே தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிர்கிறது. ஊர் இருப்பதோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பழனி மலையில் பங்களா கட்டிக்கொண்டது இந்தக் குளிரை நம்பித்தான்.

அதே பஸ்ஸில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ள ஒருவர் வந்தால் அவருக்கு இன்னொரு அதிசயமும் நடக்கலாம். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பார்கள், நோயாளிகள் ‘எம்.எஸ்.’ என்றே சொல்கிறார்கள். அடிவாரத்து வெயிலில் நடந்தபோது மங்கிய கடைப் பலகையின் எழுத்து, மேலே வந்ததும் தெளிகிறது. இழுத்துக்கொண்டிருந்த கால் சொன்னபடி கேட்கிறது. மருந்தை மாற்றவில்லை, நோயும் குணமாகவில்லை. பிறகு எப்படி?

மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அதைச் சுற்றிவிடுவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் ஐம்பது இடங்கள் வரை கிளை நீட்டி, ஒவ்வோர் இடத்திலும் அடுக்கடுக்காக உறை சுற்றுகிறது. உறைக்கும் உறைக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. பிரெஞ்சு ஆய்வாளர் லூயி ரன்வியே கண்டு சொன்னதால் அதற்கு ரன்வியே கணு என்று பெயர். நரம்பின் மின்சைகை கணுவுக்குக் கணு தாவுகிறது. உறையில்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகம்தான். தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு நூறு மீட்டர். மணிக்கு 360 கிலோமீட்டர்!

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கான்கிரீட் சட்டி கைமாறி மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கணுக்கள் அந்த வரிசையில் நிற்கும் ஆட்கள். ஒவ்வொருவரும் சட்டியை நீட்டிப் பிடித்திருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமான நரம்பில் பிரச்சினையே இல்லை. அடுத்த கணுவை எழுப்பத் தேவையான மின்னோட்டத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு கிடைக்கிறது. இயற்கை இந்த விஷயத்தில் ஊதாரி.

எம்.எஸ்.ஸில் உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையே மயலினை அரிக்கிறது. உறை போன இடத்தில் மின்னோட்டம் கசிகிறது. ஐந்து மடங்கு இருந்த கையிருப்பு, ‘இதோ, போதும்’ என்ற விளிம்புக்கு வந்துவிடுகிறது. இந்த நிலையில் உடல் சற்றே சூடானால், கணுவில் சோடியத்தை உள்ளே விடும் நுண்வாசல்கள் இன்னும் விரைவாக மூடிக்கொள்ளும். சட்டியை நீட்டிய கை ஒரு கணம் முன்னதாகவே இழுத்துக்கொள்கிறது. அடுத்தவர் கைக்குச் சட்டி போய்ச் சேர்வதில்லை.

இதற்கு அரை டிகிரி போதும். விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே எல்லோர் உடலும் தானாகவே ஏறி இறங்குகிற அளவுதான் அது. ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் 1890-ல் இந்த விளைவை எழுதி வைத்தார். நடந்துவிட்டு வந்த நோயாளிக்குப் பார்வை மங்குவதைக் கவனித்த அவர், காரணம் உழைப்பு என்றே நினைத்தார். சூடுதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, கை கால் தளர்கிறதா என்று பார்த்தே நோயை உறுதிசெய்தார்கள். நல்லவேளை, அந்தக் காலம் போய்விட்டது. ஆறுதலான செய்தி, இந்தச் சூட்டால் நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. உடல் குளிர்ந்ததும் சைகை மறுபடி ஓடும்.

மதுரையிலும் கொடைக்கானலிலும் உடலின் உள்வெப்பம் 37 டிகிரிதான். வித்தியாசம் நடக்கும்போது தெரியும். தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகிறது. சமவெளிப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் வீசும் காற்று அதை வாரிக்கொண்டு போய்விடும். முன்பெல்லாம் எம்.எஸ். என்றாலே ‘அலட்டிக்காதீங்க, படுத்திருங்க’ என்பார்கள். இன்று மருத்துவர்கள் அளவான உடற்பயிற்சியை வற்புறுத்துகிறார்கள். ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் பாதையில், முடிந்த தூரம் நடந்து நடுநடுவே உட்கார்ந்து எழலாம். விடுதிக்குத் திரும்பியதும் குளிருக்கு இதமாக கீசர் வெந்நீரைக் கொட்டிக்கொண்டால் மட்டும் மலை தந்ததைக் குளியலறை பிடுங்கிக்கொள்ளும். டிசம்பர் இரவின் கடுங்குளிரும் சிலருக்குத் தசையை விறைக்க வைக்கும்.

இதிலே ஒரு முரண். குளிர் இதம் தரும் இந்த நோய் குளிர் நாடுகளில்தான் அதிகம். டென்மார்க், ஸ்வீடனில் லட்சம் பேரில் 200-க்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. மங்களூரில் எடுத்த கணக்கில் சுமார் 8. வெயில் குறைவதால் வைட்டமின் டி குறைவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பரம்பரைக்கும் பங்குண்டு. அமெரிக்கப் படையினர் ஒரு கோடி பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான முடிவு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடலில் சும்மா கிடக்கிறது.

சட்டியை நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்க மருந்து உண்டா? உண்டு. 4-அமினோபிரிடின் பொட்டாசியம் வாசல்களை அடைத்து மின்துடிப்பை நீட்டிக்கிறது. ஒரு காலத்தில் பறவைகளை விரட்டப் பயன்பட்ட நஞ்சு! மெதுவாகக் கரையும் மாத்திரையாக 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்றில் ஒருவருக்கு நடை வேகம் கூடுகிறது. அளவு மீறினால் வலிப்பு வரும் என்பதால் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். நோயின் தாக்குதலையே குறைக்கும் மருந்துகள் வேறு. அவற்றில் மூன்றை உலக சுகாதார அமைப்பு 2023-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று.

எல்லோராலும் மலையில் குடியிருக்க முடியாது. அவர்களுக்காகவே செய்தது போன்ற ஒரு சோதனையை சிட்னி பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்டார்கள். சூடான அறையில் சைக்கிள் மிதித்த எம்.எஸ். நோயாளிகளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐஸ் தண்ணீர் கொடுத்தார்கள். வெதுவெதுப்பான நீர் குடித்த நாளைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் நேரம் மிதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாளும் உடலின் உள்வெப்பம் ஒன்றாகவே இருந்தது. வாயிலும் வயிற்றிலும் உள்ள குளிர் உணர்விகள் மூளைக்கு என்னவோ சொல்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். காரணம் தெளியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பலாம்.