வாய்ப்பூட்டைக் கழற்றுதல்

பெரிய மாளிகை ஒன்றின் சொந்தக்காரர், வந்து போகிறவர்களைப் பற்றியெல்லாம் காவற்காரன் ஓயாமல் முறையிடுவதைச் சகிக்க மாட்டாமல், விடியற்காலையில் வரும் பால்காரனைப் பற்றி இனித் தம்மிடம் பேசவே கூடாதென்று உத்தரவிட்டாரானால், பால்காரன் வேஷத்தில் வருகிற திருடனுக்கும் அந்த உத்தரவே அனுமதிச் சீட்டாகிவிடும். அமேசானின் மேகக் கணினிச் சேவையில் 2017ஆம் ஆண்டு முதல் காவல் பார்த்துவரும் 'கார்ட் டியூட்டி'யில் சேமித்து வைக்கிற வடிகட்டிகளில் ஒரு வகை, ஏறக்குறைய இத்தகைய உத்தரவுதான்.

ஒரு வகை என்றதற்குக் காரணம் உண்டு. சில வடிகட்டிகள், குவிந்து கிடக்கும் எச்சரிக்கைகளில் வேண்டியவற்றைப் பொறுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடும். அவற்றை அழிப்பதால் பெரிய நஷ்டமில்லை. மற்ற வகையோ, தன் விதிக்கு உட்பட்ட எச்சரிக்கை புதிதாகத் தோன்றியதும் அதை ஆவணக் கிடங்கில் தள்ளிவிடுவதால், நிர்வாகிக்குச் செய்தி சொல்ல வேண்டிய மற்றச் சேவைகளின் காதுக்கும் அது எட்டுவதில்லை.

அழிக்கும் காரியம் அற்பமானது. பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோருக்கு, தொலைவிலுள்ள சேவையோடு தூது பேச 'போட்டோ3' என்றொரு நூலகம் இருக்கிறது. (நிழற்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அமேசான் நதியில் வாழும் நன்னீர் டால்ஃபினின் பெயர் அது.) அதிலுள்ள 'டிலீட் ஃபில்டர்' என்ற கட்டளையிடம் காவற்சாதனத்தின் அடையாளக் குறியையும் வடிகட்டியின் பெயரையும் ஒப்படைத்தால், அழிப்பதற்குரிய அதிகாரம் நமக்கு இருக்கும் பட்சத்தில், வெறுமையான பதில் ஒன்று திரும்பி வரும். இங்கே மௌனம் சம்மதந்தான். நிச்சயந்தானா என்று ஒரு தடவை கேட்கும் மரியாதைகூட அந்தத் தூதனிடம் கிடையாது. அழித்ததை மீட்கும் வழியும் இல்லை. ஆகையால் 'கெட் ஃபில்டர்' கட்டளையால் விதியை வாசித்து, பிரதியொன்றைப் பத்திரப்படுத்தாமல் அழிப்பது அசட்டுத் துணிச்சல் என்பேன். காவற்சாதனம் பிராந்தியத்துக்கு ஒன்றாதலால், மும்பையில் அழித்தது சிங்கப்பூரில் அதே பெயருடன் நீடிக்கக்கூடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

வாய்ப்பூட்டு கழன்ற பிறகு வரும் எச்சரிக்கைகள் கண்ணில் படும். முன்பே கிடங்குக்குப் போனவை தாமாக எழுந்து வரமாட்டா. வடிகட்டியை அழித்த கையோடு கிடங்கையும் திறந்து பாருங்கள். எச்சரிக்கைகள் அங்கே 90 நாட்களே இருக்கும்.