சட்டமன்றத் தீர்மானமும் நம் வக்ஃபு சொத்துகளும்



வக்ஃபு திருத்தச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால், "அதுதான் நம்ம சட்டமன்றத்திலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டாச்சே, இனி என்ன கவலை?" என்று ஜும்ஆ முடிந்து வரும் பலர் கேட்கிறார்கள். அந்தத் தீர்மானம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

2025 மார்ச் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்த தீர்மானம், வக்ஃபு திருத்த மசோதாவைத் திரும்பப் பெறுமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தியது. பாஜக வெளிநடப்புச் செய்ய, தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அடுத்த வாரமே மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. தீர்மானம் என்பது சட்டமன்றத்தின் கருத்து. அதற்கு அரசியல் மதிப்பு உண்டு. ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தும் சக்தி இல்லை.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இதைக் கண்டோம். கேரளம் 2019 டிசம்பர் 31 அன்றும் தமிழ்நாடு 2021 செப்டம்பர் 8 அன்றும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. 2024 மார்ச்சில் விதிகள் வந்தபோது, விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுக்களுக்கு அஞ்சல் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அதிகாரிகளைத் தலைமையாக வைத்து, மாநில நிர்வாகத்தை நம்பியிராமல் வேலை நடக்க ஒன்றிய அரசு வழி செய்துகொண்டது.

மாநிலமே மாற்றுச் சட்டம் இயற்றலாமே என்றால், அறநிலையங்கள் பொதுப் பட்டியலில் இருப்பதால் இயற்றலாம். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 254-ஆவது பிரிவுப்படி, அது ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியச் சட்டமே செல்லும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே மாநிலச் சட்டம் நிற்கும். 2017-இல் ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2021-இல் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவுக்கோ ஒப்புதல் மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பதை நினைவில் கொண்டால், ஏன் இப்படி என்பது விளங்கும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டத்தைச் செயல்படுத்தும்படி மாநில அதிகாரிகளை மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது. நம் நாட்டில் 256-ஆவது பிரிவு, நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இணங்க நடப்பதை மாநிலங்களின் கடமையாக்குகிறது.

மிஞ்சியிருப்பது நீதிமன்றம். 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனையையும், ஒரு சொத்து அரசு நிலமா என்பதை அரசு அதிகாரியே முடிவு செய்யும் அதிகாரத்தையும் நிறுத்தி வைத்தது. ஆனால் பதிவு செய்யும் கட்டாயத்தை நிறுத்தவில்லை. நம் கவலை இங்குதான்.

முத்துக்குளித்துறையான நம் கரையில் பள்ளிவாசல்களும் தர்காக்களும் மையவாடிகளும் பல தலைமுறை பழையவை. வாய்மொழியாக விடப்பட்டவற்றுக்குப் பத்திரம் இருக்காது. காலங்காலமாகத் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் பயன்பட்டதே அவற்றின் ஆதாரம். புதிய சட்டப்படி, சட்டம் வருமுன் பதிவான பயன்பாட்டு வக்ஃபுகள் மட்டுமே நீடிக்கும். அவற்றிலும் வழக்கில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் விலக்கு. வருவாய்ப் பதிவேட்டில் 'புறம்போக்கு' என்ற ஒரு சொல் இருந்தால், நம் முன்னோர் உறங்கும் மண்ணே கேள்விக்குள்ளாகும்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தையும் கேட்டுக்கொள்கிறோம்:

1. வக்ஃபு வாரியப் பதிவு, அரசிதழ் நகல், பட்டா, 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம் ஆகியவற்றை எடுத்து, சர்வே எண்ணும் பரப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

2. பழைய வரி ரசீதுகள், ஜமாஅத் கணக்குகள், அடக்கப் பதிவேடுகள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் நிர்வாகத்திடம் நகல் கொடுங்கள். அவை பயன்பாட்டுக்குச் சான்று.

3. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய 'உமீத்' இணையதளத்தில் விவரம் ஏற்ற ஆறு மாதக் கெடு 2025 டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. முத்தவல்லி பதிவேற்றியபின் வாரியம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை தொடர்ந்து கவனியுங்கள்.

4. தக்க காரணத்தால் தாமதமானால், கூடுதல் அவகாசம் கேட்டு வக்ஃபு தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.

சட்டமன்றம் நமக்காகப் பேசியதற்கு நன்றி சொல்வோம். வழக்கு நல்லபடி முடிய துஆச் செய்வோம். அதோடு, அல்லாஹ்வின் பெயரால் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தின் காகிதங்களை நம் கையால் ஒழுங்கு செய்வோம். வல்ல ரஹ்மான் துணை நிற்பானாக, ஆமீன்.