காற்றை இறக்கினால் மணல் தாங்கும்

அபுதாபிக்குத் தெற்கே லிவா என்ற பாலைவனச் சோலை. அதைத் தாண்டினால் ரூப் அல் காலி: சவுதி, ஓமன், ஏமன், அமீரகம் என்று நான்கு நாடுகளில் சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் மணற்கடல். குளிர்கால விடுமுறை நாட்களில், பொழுது விடியும் முன்பே நண்பர் கூட்டங்கள் நாலைந்து வண்டிகளில் அங்கே கிளம்பிவிடும். வேலைக்குப் போன நம்மூர்க்காரர்களும் அந்த வரிசையில் உண்டு. தார்ச்சாலை முடியும் இடத்தில் எல்லா வண்டிகளும் நிற்கும். புதிதாக வந்தவர் காதில் விழும் முதல் வார்த்தை, "அண்ணே, மொதல்ல காத்தை எறக்குங்க."

எதற்காக இறக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 2,400 கிலோ என்றால், ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ இரண்டரை கிலோ அழுத்தும். அதாவது, அந்த 600 கிலோவும் இரண்டு அஞ்சலட்டை பரப்பில் நிற்கிறது. மணல் உள்வாங்கிக்கொள்ளும். காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் நசுங்கி நீளும்; பரப்பு நாலரை அஞ்சலட்டை அளவுக்கு விரியும். எடை அதேதான், ஆனால் மணலுக்கு வலிப்பதில்லை. ஒட்டகத்தின் பாதமும் இப்படித்தான் அகன்று விரிகிறது. அதற்காக மேலும் மேலும் இறக்கக்கூடாது. 10 பிஎஸ்ஐக்குக் கீழே போனால், திரும்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம்.

இதைச் சோதித்து அறிந்த முன்னோடிகளில் முக்கியமானவர் ரால்ஃப் பாக்னோல்ட். 1920களில் எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. விடுப்பு எடுத்து, சொந்தக் காசைப் போட்டு, நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். காற்றிறக்கிய டயர், புதைந்த சக்கரத்தின் அடியில் கொடுக்கும் இரும்புத் தகடு, ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியைத் தண்ணீராக மீட்கும் கலன், சூரியத் திசைகாட்டி என எல்லாம் அந்தப் பயணங்களில் தேறியவை. மணற்குன்று ஏன் அந்த வடிவில் நிற்கிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. லண்டன் திரும்பி, காற்றுச் சுரங்கம் கட்டி மணலை ஊதிப் பார்த்தார். 1941இல் வந்த அவருடைய நூல் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கும் அவர் பெயர்தான். நண்பர்களின் விடுமுறைச் சுற்றுலா ஓர் அறிவியலையே பெற்றெடுத்தது என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

அவர் ஆராய்ந்த குன்றுக்கு இரண்டு முகங்கள். காற்று வீசும் பக்கம் 10 முதல் 15 பாகை சரிவு. காற்றே தட்டித் தட்டி இறுக்கிய மணல், ஏறலாம். மறுபக்கம் 32 முதல் 34 பாகை. முகட்டைத் தாண்டி விழுந்த மணல், சரியக் காத்திருக்கும். ஏறுகிறவருக்கு மறுபக்கம் தெரியாது. அதனால் முகட்டருகே வேகத்தைத் தணிக்க வேண்டும். இறங்கும்போது மூக்கு நேர்கீழே பார்க்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதைந்து வண்டி உருண்டுவிடும்.

நேரமும் முக்கியம். விடிகாலைப் பனி ஈரம் மணல் மணிகளைப் பிணைத்து வைத்திருக்கும். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல்வீடு ஈரத்தால் நிற்பது போல. வெயில் ஏறினால் அந்தப் பிடி போய்விடும். நிழலும் சுருங்குவதால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. குன்றுகளுக்கு இடையே வெள்ளையாக, சமதளமாகத் தெரியும் சப்காவை நம்பவே கூடாது. மேலே உப்புப் பொருக்கு, கீழே உவர்ச் சேறு.

புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். இறங்கி, மண்வெட்டியால் மணலை விலக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறினால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களின் கண்ணில் மனிதனைவிட வண்டிதான் முதலில் படும், அதன் நிழலும் உங்களுக்கு வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். நசுங்கிய டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.