காளத்தியின் மூங்கில் பேனா

திருப்பதிக்கு வரும் நம்மவர்கள் பலர் காளஹஸ்திக்கும் போய், ராகு-கேது பூஜையை முடித்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் அன்றாடம் காணும் காட்சி இது. அந்த ஊரின் கலம்காரித் தொழிலை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

'கலம்' என்றால் பாரசீக மொழியில் பேனா. இங்கே பேனா என்பது நுனியில் துணியோ கம்பளி நூலோ சுற்றிய மூங்கில் குச்சிதான்.

முதலில் காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். பால் சேர்ப்பதால் மை பரவுவதில்லை. பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவிட்டால் மை தயார். அது துணியிலுள்ள கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பாகிறது. படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்பு பிடிக்கும், நீலத்துக்கு அவுரி. கழிவு என்று பயப்பட இதில் ரசாயனச் சாயம் இல்லை.

பிழைத்தது எப்படி?

ஒரு காலத்தில் ராமாயண, பாரதக் கதைகளைத் தீட்டிய கோயில் திரைச்சீலைகளே இதன் சரக்கு. அவற்றை வாங்குவோர் குறைந்ததும் தொழில் நலிந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றோரின் முயற்சியால் 1950களில் இங்கு அரசுப் பயிற்சி நிலையம் வந்தது. பிறகு கலைஞர்கள் சேலை, துப்பட்டா, சுவர்ச்சித்திரம் என்று சரக்கை மாற்றினார்கள், செய்முறையை மாற்றவில்லை. சிறு தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இதுவே பாடம். 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2008ல் இவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டி பத்மஸ்ரீ பெற்றார்.

இரண்டு கவலைகள்

ஒன்று தண்ணீர். சாயம் கலங்காமல் இருக்க, துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். பொன்முகலியிலோ ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை.

மற்றொன்று போலி. பெடனாவில் மரக்கட்டையால் அச்சிடுவது தனி மரபு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்கிரீன் பிரிண்ட் துணியும் 'கலம்காரி' என்ற பெயரிலேயே விற்கிறது. பல நாள் குனிந்து வரைந்தவர் அந்த விலைக்குக் கொடுக்க முடியுமா? கட்டுப்படியாகாவிட்டால் அவர் பிள்ளை பேனாவைத் தொடுவானா?

அடுத்த முறை ஊருக்குத் துணி வாங்கும்போது சற்று உற்றுப் பாருங்கள். ஒரே பூ இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்தால் அது கை. அந்தக் கைக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.