மூன்று பாராளுமன்றங்களும் எண்ணெயும்

1914 ஜூன் 17 ஆம் திகதி பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. ஆதரவாக 254 வாக்குகள், எதிராக 18. பாரசீகத்தில் எண்ணெய் எடுத்துவந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியில் அரசாங்கம் 22 இலட்சம் பவுண் முதலிட்டு, அரைவாசிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்குவதா என்பதே அன்றைய கேள்வி. அதற்குப் பதினொரு நாட்களின் பின்னர் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்ட் மாதத்தில் உலகப் போர் மூண்டது. சரயேவோவை நாம் எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றோம். இந்த வாக்கெடுப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால், எரிபொருளும் நாட்டின் பாதுகாப்பும் பற்றி இன்று எந்தப் பாராளுமன்றத்தில் பேசினாலும், அன்று பேசிய வாதங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே அந்த விவாதத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியில் ஓடியது. வேல்ஸ் பகுதியின் சுரங்கங்களில் உலகின் மிகச் சிறந்த நீராவி நிலக்கரி கிடைத்தது. அது சொந்த மண்ணில் கிடைத்த பொருள்; எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. உலகெங்கும் கப்பல்கள் கரி ஏற்றும் துறைமுகங்களும் அவர்கள் வசம் இருந்தன. நம் கொழும்புத் துறைமுகமும் அவற்றில் ஒன்று.

1911 இல் கடற்படை அமைச்சராகப் பொறுப்பேற்றவர் வின்ஸ்டன் சேர்ச்சில். ஜேர்மனியின் கடற்படை வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதை மிஞ்ச வேகமான கப்பல்கள் வேண்டும் என்றார்கள் அட்மிரல்கள். ஒரே எடைக்கு நிலக்கரியை விட எண்ணெய் அதிக வெப்பம் தரும். கரியை மண்வெட்டியால் அள்ளி உலைக்குள் போட நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். எண்ணெய் குழாய் வழியாகத் தானே போய்ச் சேரும். நடுக்கடலில் வைத்தே எண்ணெய் நிரப்பிக்கொள்ளலாம். தூரத்திலிருந்தே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் கரும்புகையும் குறைவு. ஆகவே, 'குயின் எலிசபெத்' வகையைச் சேர்ந்த ஐந்து பெரும் போர்க்கப்பல்களை மணிக்கு 25 கடல்மைல் வேகத்தை இலக்காகக் கொண்டு எண்ணெயில் மட்டுமே ஓடும்படி கட்டத் தொடங்கினார்கள்.

பிரச்சினை என்னவென்றால், பிரித்தானியாவின் மண்ணில் அப்போது எண்ணெய் இல்லை. வேகம் வேண்டும் என்று தீர்மானித்த அதே கணத்தில் அவர்கள் தங்கள் சுயசார்பை விற்றுவிட்டார்கள். இந்தச் சங்கடத்துக்குச் சேர்ச்சில் 1913 ஜூலையில் சபையில் ஒரு பதில் சொன்னார். ஒரே நாட்டையோ, ஒரே பாதையையோ, ஒரே வயலையோ நம்பியிருக்கக் கூடாது. பல இடங்களிலிருந்து வாங்குவதிலேயே பாதுகாப்பு இருக்கின்றது என்பது அதன் சாரம். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் எரிசக்திப் பாதுகாப்பு பற்றிப் பேசுவோர் இதையே முதலில் சொல்கின்றார்கள்.

ஆனால் மறு ஆண்டே அவர் பணத்தைப் போடச் சொன்னது ஒரே ஒரு கம்பனியில். ஷெல் போன்ற பெரிய கம்பனிகள் எண்ணெய் தர மறுக்கவில்லை, விலையைத்தான் தாங்க முடியவில்லை என்ற பொருளில் சபையில் அவர் அவர்களைக் கிண்டல் செய்தார். சொந்தக் கம்பனி இருந்தால் மற்றவர்களும் விலையைக் குறைப்பார்கள் என்பது அவர் கணக்கு. எதிர்த்தவர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். அரசாங்கம் வியாபாரம் செய்யலாமா என்றனர் சிலர். ரஷ்யா கோபங்கொள்ளும் என்றனர் வேறு சிலர். என்னை மிகவும் யோசிக்க வைத்த காரணம் வேறொன்று: அந்த எண்ணெய் வயல் எங்கோ ஒரு மூலையில், மலைகளுக்கும் பாலைக்கும் இடையில் கிடக்கின்றது, அங்கிருந்து கடற்கரைக்கு 200 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் குழாய் வருகின்றது, போர் வந்தால் அதை யார் காப்பது? கப்பலைக் காக்க எண்ணெய் வாங்குகின்றோம், பிறகு எண்ணெயைக் காக்கப் படை அனுப்புவோமா?

அப்படித்தான் நடந்தது. 1914 நவம்பரில் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படை பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில் இறங்கிப் பஸ்ராவைக் கைப்பற்றியது. அபாதான் சுத்திகரிப்பு நிலையத்தைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படியிருந்தும் 1915 பெப்ரவரியில் உள்ளூர்க் கோத்திரத்தார் குழாயை உடைத்தார்கள். அது மீண்டும் இயங்கப் பல மாதங்கள் சென்றன. பஸ்ராவோடு நிற்காமல் அந்தப் படை பக்தாத் வரை சென்றதும், அதில் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் மாண்டதும் தனிக் கதை.

சபையில் பேசியவர்களின் வாதங்களை இப்படி எடைபோடுகையில் இன்னொரு கேள்வி எழுகின்றது. அந்த எண்ணெயின் சொந்தக்காரர்கள் அன்று எங்கே இருந்தார்கள்?

பாரசீகத்திலும் ஒரு பாராளுமன்றம் இருந்தது. 1906 இல் மக்கள் போராடிப் பெற்ற 'மஜ்லிஸ்' அது. ஆனால் எண்ணெய் தோண்டும் உரிமை அதற்கு முன்னரே, 1901 இல், வில்லியம் நொக்ஸ் டார்சி என்பவருக்கு மன்னரால் 60 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கைமாறியது 20,000 பவுண் காசும், அதே பெறுமதியான பங்குகளும், இலாபத்தில் 16 வீதம் தருவதாக ஒரு வாக்குறுதியும். 1908 இல் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. 1911 டிசம்பரில், ரஷ்யாவின் இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு மஜ்லிஸ் மூடப்பட்டது. மீண்டும் திறந்தது 1914 டிசம்பரில்தான். ஆக, லண்டனில் 272 உறுப்பினர்கள் அந்த எண்ணெயைப் பற்றி வாக்களித்த நாளில், தெஹ்ரானில் சபை கூடவே இல்லை. இதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவர்களின் முறை வர 37 ஆண்டுகள் சென்றன. 1951 மார்ச் மாதம் மஜ்லிஸ் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்க வாக்களித்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய முஹம்மத் முஸத்திக் அடுத்த மாத இறுதியில் பிரதமரானார். கம்பனியால் ஈரானுக்குக் கிடைத்த உரிமைப் பங்கை விட, பிரித்தானிய அரசு அதே கம்பனியிடமிருந்து வரியாகப் பெற்றது அதிகம் என்பது அவர்களது பெரும் மனக்குறை. 1953 ஆகஸ்டில் பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகளின் ஏற்பாட்டில் முஸத்திக் கவிழ்க்கப்பட்டார்.

நம் நாட்டின் பாராளுமன்றமும் இதே பாதையில் ஒருமுறை நடந்திருக்கின்றது. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய வெளிநாட்டுக் கம்பனிகளின் விநியோக வசதிகளில் ஒரு பகுதி அரசுடைமையானது. சோவியத் ஒன்றியம் போன்ற நாடுகளிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. நட்டஈடு போதாது என்று சொல்லி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1914 இல் லண்டன் எண்ணெய்க் கம்பனியை வாங்கியபோது அது தூரநோக்கு எனப்பட்டது. கொழும்பு அதைச் செய்தபோது தண்டனை கிடைத்தது. இதில் எந்த நியாயமும் எனக்குப் புரியவில்லை.

எண்ணெயில் ஓடத் தொடங்கிய பிரித்தானியக் கடற்படை நம் மண்ணிலும் ஒரு பெரிய அடையாளத்தை விட்டுச் சென்றது. திருகோணமலை சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள்தான் அவை. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இக்குதங்களும் தப்பவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இவை இடம்பெறுகின்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி 24 குதங்கள் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் உரியவை.

அதே 2022 இல் என்ன நடந்தது என்று எவருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. வாப்பா இரவு முழுவதும் பெற்றோல் வரிசையில் நிற்பார். உம்மா விறகுக்கு மாறினார். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். கொழும்புக்கு அருகில் எண்ணெய்க் கப்பல்கள் காத்து நின்றன, இறக்குவதற்கு டொலர் இல்லை. சேர்ச்சிலின் வாதம் இந்த இடத்தில் நமக்குப் போதாமல் போகின்றது. விற்க உலகில் பலர் இருந்தார்கள். சேமிக்கக் குதங்கள் இருந்தன. கொடுக்கப் பணம் இருக்கவில்லை. பேரரசிடம் இருந்த பவுண் நம்மிடம் இல்லாதபோது, அதன் பாடத்தை அப்படியே எடுத்து நாம் பரீட்சை எழுத முடியாது.

ஆகவே நம் பாராளுமன்றத்தில் எரிபொருள் பற்றி விவாதிக்கும்போது, எங்கிருந்து வாங்குவது என்பதோடு, வாங்காமல் இருக்க எதைச் செய்வது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவோட்டுக்கும் கரி கப்பலில்தான் வருகின்றது. மன்னார் 'தம்பபவனி' காற்றாலையின் ஏறத்தாழ 100 மெகாவோட்டுக்குக் கப்பலும் வேண்டாம், டொலர் வரிசையும் வேண்டாம்.

அங்கும் ஒரு சிக்கல் இருக்கின்றது. 2025 இல் மன்னார்த் தீவு மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். வலசை வரும் பறவைகள் பற்றியும், மழைவெள்ளம் வடிந்தோடும் வழிகள் அடைபடுவது பற்றியும், மீன்பிடி பற்றியும் அவர்களுக்குக் கேள்விகள் இருக்கின்றன. காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். ஆனால் மின்சாரம் நாடு முழுவதற்கும் போகின்றது, கோபுரம் அவர்களின் வீட்டுக்குப் பின்னால் நிற்கின்றது. அது எங்கே நிற்க வேண்டும் என்ற பேச்சில் அவர்களும் அமர்ந்திருக்க வேண்டும், கோபுரம் எழும்புவதற்கு முன்னரே.